கொம்பு

என் பெயர் தெய்வகனி.
இதை எழுத இப்போதும்
ஒரு மூச்சுப் பிடிக்கவேண்டும்.

'தெ' என்று சொல்லிப் பாருங்கள்.
முதலில் நாக்கு பல்லைத் தொடுகிறது,
எகரம் பிறகுதான் வருகிறது.
காகிதத்தில் மட்டும் கொம்பு முன்னால் நிற்கிறது,
மாப்பிள்ளைக்கு முந்திப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட
ஒன்றுவிட்ட மாமனைப்போல.
நான் காதில் கேட்டபடி எழுதினேன்.
என் கொம்பு அடுத்து நின்ற யகரத்தைக் குத்தியது.
வாத்தியார் என்னைக் குத்தினார்,
பென்சில் முனையால்,
தினமும் அதே முழங்கையில்.

பர்மியப் பள்ளியில் நான் ஏஏமா.
அங்கேயும் ஏகாரம் முந்திக்கொண்டுதான் நின்றது.
மற்றதெல்லாம் வளையம்.
மேலே திறந்தால் ப,
கீழே திறந்தால் க,
வலப்பக்கம் திறந்தால் ங,
திறக்கவே இல்லையென்றால் வ.
நான் பார்க்கும்போது
யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

பசுண்டாங்கில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார் அப்பா.
அவர் சுவரிலும் வளையங்கள்.
"வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, சொல்."
மேல். வலம். கீழ். வலம்.
கடைசி வரியில் எறும்புத் தலை அளவு இருந்ததையும்
சொல்லிவிட்டேன்.
"பருந்துக் கண்" என்றார் டாக்டர்.
அப்பா சந்தோஷப்படவில்லை.
கண்ணாடி என்றால் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.
வீடு வரும்வரை பஸ்ஸில்
அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏழாவதோடு நின்றேன்.
லைந்தாயாவில், தையல் ஆலையில்,
மெஷின் பழுது பார்க்கிறேன்.
பிரித்துப்போட்ட இயந்திரத்தில்
எந்தத் திருகாணி எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதை
என் விரல்கள் மறப்பதில்லை.
"பார்த்தாயா, உனக்கு வேறு திறமை இருக்கிறது"
என்பார்கள்.
சரி.
ஆனால் திருகாணி ஒன்றும் தெரியாதவளாக
நான் இருந்திருந்தாலும்
அந்தப் பென்சில் தப்புதான்.

இருபது வருஷம் பொய்களை வைத்து ஓட்டினேன்.
கையில் எண்ணெய், நீயே படி.
தலைவலி, நாளைக்குப் பார்க்கிறேன்.
கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன்
(பருந்துக்கு!).

பிறகு தம்பி மகன் சீலனுக்காக ஒரு மருத்துவமனை.
அவனைப் பற்றிக் கேள்வி கேட்டாள் ஒரு பெண்.
வரி தாண்டிப் போகுமா?
போகும்.
நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரியுமா?
தெரியும்.
படிக்கச் சொன்னால் வயிறு வலிக்குமா?
வலிக்கும், வலிக்கும் என்றேன்.
அவள் பேனாவை வைத்துவிட்டு,
"நான் பையனைக் கேட்டேன்" என்றாள் மெதுவாக.

டிஸ்லெக்சியா என்று எழுதிக் காட்டினாள்.
வீட்டுக்கு வந்து தமிழில் எழுதிப் பார்த்தேன்.
அடப்பாவிகளா,
இதற்கும் நடுவில் ஒரு கொம்பு.

ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை.
ஆலைக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
ஒரு வாக்கியத்தைப் பத்து நாள் பழகினேன்.
பதினோராம் நாள் மேற்பார்வையாளர் வரவில்லை.
அன்றைய கணக்குத் தாளை யாரோ என் கையில் திணித்தார்கள்.
நாற்பத்திரண்டு பெண்கள்,
கன்னத்தில் தனக்கா காயாமல், நின்றார்கள்.

"எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.
காத்திருங்கள்."

மன்னிக்கவும் என்று சேர்க்க வாய் வந்தது.
சேர்க்கவில்லை.

விரலை வரிக்கு அடியில் வைத்தேன்.
காலர், அறுநூறு.
கைப்பட்டி,
கைப்பட்டி,
யாரோ சிரித்தார்கள், யாரென்று எனக்குத் தெரியும்,
எண்ணூற்று இருபது.
மூன்றாம் வரியில் ஒரு வளையம் சுழன்றது.
நிற்கட்டும் என்று நின்றேன்.
காது சுட்டது. முழங்கையும்.
வலப்பக்கம் திறந்தது. படித்தேன்.

முடிந்தபோது ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.
வழக்கமாக ஒன்றரை.
தின்சா மட்டும் தன் மெஷினுக்குப் போகிற வழியில் சொன்னாள்:
"நாளைக்கும் நீங்களே படியுங்கள் அமா.
அவர் படித்தால் எண் ஒன்றும் காதில் விழுவதில்லை."

நாளைக்கு வயிறு வலிக்கும்.
பதினான்காம் மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது,
முதலில் அதைப் பார்க்கவேண்டும்.